செயற்கை டிஸ்க் யாருக்குப் பொருந்தும்?

கழுத்திலோ இடுப்பிலோ முள்ளெலும்புகளுக்கு நடுவே கெட்டுப்போன ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் அசையக்கூடிய ஒரு சாதனத்தைப் பொருத்துவதே செயற்கை டிஸ்க் மாற்று அறுவை சிகிச்சை. முழங்கால் மாற்று, இடுப்பு மூட்டு மாற்று ஆகியவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இதையும் அதே வரிசையில் வைத்துப் புரிந்துகொள்ள முயல்வது இயல்பு. சாதனங்களில் பயன்படும் உலோகங்களும் பிளாஸ்டிக்கும்கூட ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் இரண்டும் நேர் எதிரானவை. முழங்கால் முற்றிலும் தேய்ந்து, நடப்பதே பெரும்பாடாகிவிட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் முழங்கால் மாற்று செய்யப்படுகிறது. செயற்கை டிஸ்க்கோ, ஓரிரு டிஸ்க்குகள் மட்டும் கெட்டு, அவற்றைச் சுற்றியுள்ள எலும்பும் மூட்டுகளும் நல்ல நிலையில் இருப்பவருக்கே பொருந்தும். தேய்மானம் கூடக் கூட அதன் பொருத்தம் குறைந்துகொண்டே போகிறது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, டிஸ்க் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் முதுகெலும்பில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 தனித்தனி முள்ளெலும்புகளும், அவற்றுக்குக் கீழே ஒன்றோடொன்று இணைந்துவிட்ட எலும்புகளும் உள்ளன. கழுத்தெலும்புகளை சி1 முதல் சி7 வரை என்றும், இடுப்பெலும்புகளை எல்1 முதல் எல்5 வரை என்றும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் ‘சி5–சி6’ என்று இருந்தால், ஐந்தாம் கழுத்தெலும்புக்கும் ஆறாம் கழுத்தெலும்புக்கும் நடுவிலுள்ள டிஸ்க் என்று பொருள். இப்படி எலும்புகளுக்கு இடையே மொத்தம் 23 டிஸ்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு டிஸ்க்கின் நடுவிலும் நுங்கின் சதையைப் போன்ற, நீர் நிறைந்த மென்மையான ஒரு பகுதி உண்டு. அதைச் சுற்றி, ஒரு அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தும் அடுத்த அடுக்கு மறுபக்கம் சாய்ந்தும் ஓடும் உறுதியான நார்களாலான வளையம் இருக்கிறது. உடல் எடை மேலிருந்து அழுத்தும்போது நடுப்பகுதி அதை எல்லாப் பக்கமும் பகிர்ந்தளிக்க, வெளி வளையம் அதைப் பிதுங்கவிடாமல் தாங்குகிறது. பகல் முழுவதும் நாம் நிமிர்ந்திருப்பதால் டிஸ்க்குகளிலிருந்து நீர் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் உள்ளே போகிறது. காலையில் நம் உயரம் மாலையில் இருப்பதைவிட ஏறத்தாழ 1 சதவீதம் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. வெளி வளையத்தின் விளிம்பு மட்டுமே விலக்கு. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து, மெல்லிய குருத்தெலும்புத் தட்டுகளின் வழியே கசிந்து வருவதுதான் அதற்கான ஊட்டம். எனவே ஒருமுறை பழுதுபட்டால் அது தோலையோ எலும்பையோபோலத் தன்னைத் தானே சரிசெய்துகொள்வதில்லை. வயது ஏற ஏற நடுப்பகுதி நீரை இழந்து வற்றுகிறது, டிஸ்க்கின் உயரம் குறைகிறது, வெளி வளையத்தில் வெடிப்புகள் தோன்றுகின்றன. எம்.ஆர்.ஐ. படத்தில் நீர் நிறைந்த டிஸ்க் வெளுப்பாகவும், வற்றிய டிஸ்க் கறுப்பாகவும் தெரியும்.

படத்தில் கறுத்துத் தெரிவதெல்லாம் நோய் அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதுகுவலி எதுவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகள் 2015இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கப்பட்டன. அவர்களில் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. டிஸ்க் புடைப்பும் அப்படித்தான்: 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். அறிக்கையில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற சொற்களைப் படித்துவிட்டு அன்றிரவே உறக்கம் கெட்டவர்கள் நம்மிடையே ஏராளம். படத்தில் தெரியும் மாற்றமும், உடலில் இருக்கும் வலியும், மருத்துவர் கையால் சோதித்துக் காணும் நரம்புக் குறைபாடும் ஒரே இடத்தைச் சுட்டினால்தான் அந்த டிஸ்க்கைக் குற்றவாளி என்று சொல்ல முடியும்.

டிஸ்க்கினால் வரும் தொல்லை இரண்டு வகைப்படும். செயற்கை டிஸ்க் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருபவை. முதல் வகையில், டிஸ்க்கின் நடுப்பகுதி வெளி வளையத்தின் கிழிசல் வழியே பிதுங்கியோ, டிஸ்க்கின் ஓரத்தில் வளர்ந்த எலும்பு முனைகள் நீண்டோ நரம்பை அழுத்துகின்றன. கழுத்தில் இது நேர்ந்தால் தோளிலிருந்து கை விரல் வரை மின்சாரம் பாய்வதுபோல வலியும் மரப்பும் வரும். இடுப்பில் நேர்ந்தால் பிட்டத்திலிருந்து கால் வரை இறங்கும் சயாட்டிகா வலி. இரண்டாம் வகையில் நரம்பு எதுவும் அழுத்தப்படுவதில்லை. கெட்டுப்போன டிஸ்க்கே வலியின் ஊற்றாகிறது. முதல் வகையில் வலியின் காரணத்தைப் படத்தில் விரல் வைத்துக் காட்டலாம். இரண்டாம் வகையில் அது எளிதல்ல, ஏனென்றால் அதே இடுப்பில் தசைகளும் மூட்டுகளும் தசைநார்களும் அதே மாதிரியான வலியைத் தர வல்லவை.

இரு வகையிலும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. நரம்பு அழுத்தத்தால் வரும் கை வலியும் கால் வலியும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், மருந்தாலும் பிசியோதெரபியாலும் காலத்தாலும் தணிவதே வழக்கம். பிதுங்கிய டிஸ்க் பகுதியை உடலே படிப்படியாகக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆனால் காத்திருக்கக் கூடாத நிலைகளும் இருக்கின்றன. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டை மீறுவது, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி மங்குவது, கை அல்லது கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறுவதும், நடை தள்ளாடுவதும் கழுத்தில் தண்டுவடமே நசுங்குவதைக் காட்டலாம்.

அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்குக் கழுத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்டு வருவது எலும்பு இணைப்பு. 1950களில் அமெரிக்காவில் ராபின்சன், ஸ்மித், கிளவர்ட் ஆகிய அறுவை மருத்துவர்கள் வகுத்த முறை அது. கழுத்தின் முன்பக்கமாகச் சென்று டிஸ்க்கை எடுத்து, நரம்பை விடுவித்து, காலியான இடத்தில் எலும்புத் துண்டை வைத்து, இரண்டு முள்ளெலும்புகளையும் ஒன்றாக வளரச் செய்கிறார்கள். இன்று கூடவே உலோகத் தகடும் திருகுகளும் வைக்கப்படுகின்றன. இது நல்ல சிகிச்சை. நரம்பு வலியைப் போக்குவதில் அதன் வெற்றியை யாரும் மறுப்பதில்லை. கழுத்தை இடமும் வலமும் திருப்பும் அசைவில் ஏறத்தாழ பாதி, டிஸ்க்கே இல்லாத சி1, சி2 எலும்புகளுக்கு இடையே நடப்பதால், கீழே ஓர் இணைப்பு அசைவற்றுப் போனாலும் அதைப் பலர் உணர்வதுகூட இல்லை.

பிறகு ஏன் மாற்று தேடினார்கள்? ஓர் இடத்தில் அசைவு நின்றுவிட்டால், அந்தச் சுமை மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள்மீது விழுகிறது. கழுத்து எலும்பு இணைப்பு செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் ஹிலிபிராண்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பக்கத்து டிஸ்க் கெட்டுப் புதிய அறிகுறிகள் தோன்றுவது ஆண்டுக்கு 2.9 சதவீதம் என்ற அளவில் இருந்தது. பத்து ஆண்டுகளில் நான்கில் ஒருவருக்கு அது நேரலாம் என்று அவர்கள் கணித்தார்கள். ஏற்கெனவே ஒரு டிஸ்க் தேய்ந்த கழுத்தில் மற்ற டிஸ்க்குகளும் வயதோடு தேயத்தான் செய்யும் என்பதால், இதில் இணைப்பின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆயினும், அசைவை நிறுத்தாமலேயே நரம்பை விடுவிக்க முடிந்தால் நல்லது என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வு பெரும் வலுச் சேர்த்தது.

அந்த எண்ணம் அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. சுவீடனின் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம், டிஸ்க்கை எடுத்த இடத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றை வைத்துப் பார்த்து, அந்த அனுபவத்தை 1966இல் வெளியிட்டார். எடை முழுவதும் குண்டின் சிறு பரப்பில் விழுந்ததால், காலப்போக்கில் அது எலும்புக்குள் புதைந்துபோனது. எலும்பின் பரப்பு முழுவதும் சுமையைப் பரப்பினால்தான் எந்தச் சாதனமும் நிலைக்கும் என்ற பாடத்தை அடுத்து வந்தவர்கள் அதிலிருந்து கற்றார்கள். 1980களின் தொடக்கத்தில் கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் கரீன் பியூட்னர்-யான்ஸ், குர்ட் ஷெல்நாக் என்னும் இரு மருத்துவர்கள், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வழுக்கி நகரும் ஒரு பிளாஸ்டிக் வில்லையை வைத்துப் புதிய டிஸ்க் ஒன்றை வடிவமைத்தார்கள். 1984இல் அது முதன்முதலாக மனித உடலில் பொருத்தப்பட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்ற கரீன் யான்ஸ்தான் இந்த பியூட்னர்-யான்ஸ். முதுகெலும்பின் வளைவையும் திருப்பத்தையும் தன் உடலாலேயே நன்கு அறிந்திருந்த ஒருவர் இந்த வேலையில் இறங்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முதல் வடிவங்களில் தகடுகள் எலும்பில் புதைவதும் நகர்வதும் நிகழ்ந்தன. திருத்தப்பட்ட மூன்றாம் வடிவம் 1987இல் வந்தது. ஷாரிட்டே டிஸ்க்குக்கு, மருந்துகளுக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004 அக்டோபரில் இடுப்புப் பகுதிக்காக அனுமதி அளித்தது. பிரான்சின் தியரி மார்னே உருவாக்கிய புரோடிஸ்க்கின் இடுப்பு வடிவத்துக்கு 2006இல் அனுமதி கிடைத்தது. கழுத்துக்கான டிஸ்க்குகளில் பிரெஸ்டீஜ் 2007இல் அங்கு முதலில் அனுமதி பெற்றது. அருகருகே உள்ள இரண்டு கழுத்து டிஸ்க்குகளை மாற்றுவதற்கு 2013இல் மோபி-சி சாதனம் அனுமதிக்கப்பட்டது.

இன்றைய சாதனங்களில் பலவற்றின் அடிப்படை எளிமையானது. மேல் எலும்பில் ஒரு தகடு, கீழ் எலும்பில் ஒரு தகடு. இரண்டுக்கும் நடுவே ஒரு குமிழும் அது அசையும் குழியும், அல்லது நகரும் ஒரு வில்லை. தகடுகள் கோபால்ட்-குரோமியக் கலவையாலோ டைட்டானியத்தாலோ ஆனவை. வில்லை பெரும்பாலும் மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக். எலும்பைத் தொடும் பக்கம் சொரசொரப்பாக இருக்கும். எலும்பு அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆக, ஒரே சாதனத்தின் வெளிப்பக்கம் எலும்போடு உறுதியாக ஒட்ட வேண்டும், உட்பக்கம் தடையின்றி அசைய வேண்டும். இயற்கை டிஸ்க்குக்கு உள்ள நெகிழும் தன்மை இந்த வகைச் சாதனங்களுக்கு இல்லை. அவை அசைவைத் தருகின்றனவே ஒழிய அதிர்வைப் பெரிதாக உள்வாங்குவதில்லை.

கழுத்து அறுவையில், முழு மயக்க மருந்து கொடுத்து நோயாளியை மல்லாந்து படுக்க வைத்து, கழுத்தின் முன்பக்கத்தில் தோலின் இயல்பான மடிப்பையொட்டிச் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறுகிறார்கள். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கமும், பெரிய இரத்தக் குழாய்களை மறுபக்கமும் ஒதுக்கினால் முள்ளெலும்பு நேராகத் தெரிகிறது. தசை எதையும் பெரிதாக வெட்ட வேண்டியதில்லை. எக்ஸ்-ரே கருவியால் சரியான டிஸ்க்தானா என்று உறுதிசெய்துகொண்டு, நுண்ணோக்கியின் துணையோடு டிஸ்க் முழுவதையும் எடுத்து, நரம்பை அழுத்தும் துண்டுகளையும் எலும்பு முனைகளையும் நீக்குகிறார்கள். வலியைப் போக்கும் படி இதுதான். இதுவரை எலும்பு இணைப்பும் டிஸ்க் மாற்றும் ஒன்றே. அதன் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. செயற்கை டிஸ்க்கை எலும்பின் நடுக்கோட்டில், சரியான ஆழத்தில், சரியான அளவில் வைக்க வேண்டும். தேவைக்கு மேல் உயரமானதை வைத்தால் பின்புற மூட்டுகள் இழுபட்டு அசைவே குறைந்துவிடும். இணைப்பில் சிறிய பிசகைக் காலப்போக்கில் வளரும் எலும்பு மூடிவிடும். அசையும் சாதனத்தில் அதே பிசகு ஒவ்வொரு அசைவிலும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இடுப்பில் இதைச் செய்ய வயிற்றின் வழியாகச் செல்ல வேண்டும். குடல்களை அவற்றின் உறையோடு ஒதுக்கி, முதுகெலும்பின் முன்னால் படிந்திருக்கும் மகாதமனியையும் அதன் கிளைகளையும் பெரிய சிரைகளையும் விலக்கியே டிஸ்க்கை அடைய முடியும். அதனால் பல இடங்களில் இரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவரும் உடன் இருப்பார். ஆண்களுக்கு அந்தப் பகுதியிலுள்ள நுண்ணிய நரம்புப் பின்னல் பாதிக்கப்பட்டால் விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும் நிலை ஏற்படலாம். குழந்தை பெற எண்ணுபவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். சாதனத்தைப் பிற்காலத்தில் எடுக்க வேண்டிய நிலை வந்தால், ஆறிய தழும்பு இரத்தக் குழாய்களோடு ஒட்டியிருக்கும் என்பதால் அந்த இரண்டாம் அறுவை முதலாவதைவிட மிகவும் ஆபத்தானது.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் பலன் என்ன என்பதில் கழுத்தையும் இடுப்பையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கழுத்தில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு டிஸ்க் மாற்றும் மறு பிரிவுக்கு எலும்பு இணைப்பும் செய்து, ஏழு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடர்ந்த ஆய்வுகள் பல உள்ளன. வலி குறைவதில் இரண்டும் ஏறத்தாழ இணையாகவும், மறு அறுவை தேவைப்படுவது டிஸ்க் மாற்றில் குறைவாகவும் அவற்றில் தெரிகிறது. இரண்டு டிஸ்க்குகள் கெட்டவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாக இருக்கிறது. அவற்றில் பலவற்றைச் சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களே செலவு செய்து நடத்தின என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆனாலும், தகுந்த கழுத்து நோயாளிக்கு இது நம்பத்தக்க சிகிச்சை என்றே நான் கருதுகிறேன்.

இடுப்பில் நிலைமை அவ்வளவு உறுதியாக இல்லை. சயாட்டிகாவுக்கு அறுவை தேவைப்பட்டால், பிதுங்கிய துண்டை மட்டும் முதுகுப்பக்கமாக எடுக்கும் சிறு அறுவையே வழக்கமாகப் போதும். டிஸ்க்கையே மாற்ற வேண்டியதில்லை. எனவே இடுப்பில் செயற்கை டிஸ்க் பேசப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை வலிக்கு, அதாவது காரணத்தை உறுதிசெய்வது கடினமான வலிக்கு. நார்வேயில் நீண்ட நாள் இடுப்புவலி கொண்ட 173 பேரில் ஒரு பிரிவினருக்குச் செயற்கை டிஸ்க் வைத்தும், மற்றவர்களுக்கு உடற்பயிற்சியும் உளவியல் வழிகாட்டலும் இணைந்த தீவிர மறுவாழ்வுப் பயிற்சி அளித்தும் ஒப்பிட்ட முடிவுகள் 2011இல் வெளியாயின. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதலாகவே முன்னேறியிருந்தார்கள்; அன்றாடச் செயலிழப்பை அளக்கும் 100 புள்ளி அளவுகோலில் வேறுபாடு 8.4 புள்ளிகள். ஆனால் நோயாளியின் வாழ்க்கையில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு என்று ஆய்வாளர்கள் முன்னரே வகுத்திருந்தது 10 புள்ளிகள். பயிற்சி பெற்றவர்களும் நன்றாகவே தேறியிருந்தார்கள் என்பது இதில் கவனிக்க வேண்டியது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குச் சம்மதிக்கும் முன், முறையான பயிற்சியை மாதக்கணக்கில் உண்மையாகவே செய்து பார்த்தோமா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது யாருக்குப் பொருந்தாது என்பதற்கு வரலாம். எலும்பு வலுவிழக்கும் ஆஸ்டியோபொரோசிஸ் உள்ளவர்களுக்குத் தகடு எலும்பில் புதைந்துவிடும் என்பதால், ஐயம் இருந்தால் டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியை அளக்கிறார்கள். ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் பின்னால் ஃபேசட் எனப்படும் இணை மூட்டுகள் உண்டு. டிஸ்க்கை மாற்றினாலும் அவை பழையபடியேதான் இருக்கும். அவை தேய்ந்திருந்தால், அசைவைத் தக்கவைப்பது அந்த வலியையும் தக்கவைப்பதாகிவிடும். டிஸ்க் முற்றிலும் ஒடுங்கி ஏற்கெனவே அசைவு நின்றுபோன இடத்திலும், ஓர் எலும்பு மற்றொன்றின்மேல் நழுவிய இடத்திலும், பழைய கிருமித்தொற்றோ கட்டியோ எலும்பை அரித்த இடத்திலும் இது உதவாது. முள்ளெலும்புகளின் பின்புறம் ஓடும் நீண்ட தசைநார் எலும்பாக மாறும் நோய் ஆசிய நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. அதுவும் ஒரு தடை. சாதனத்திலுள்ள உலோகத்துக்கு ஒவ்வாமை இருப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 60 வயதைக் கடந்தவர்களின் இடுப்பு டிஸ்க் மாற்றுக்குப் பணம் தருவதில்லை என்று 2007இல் முடிவெடுத்ததன் பின்னணியையும் இவற்றிலிருந்து ஊகிக்கலாம்.

சிக்கல்களில் சில எந்தக் கழுத்து அறுவைக்கும் பொதுவானவை: சில நாட்கள் விழுங்குவதில் சிரமம், குரல்வளை நரம்பு இழுபடுவதால் குரல் கம்முதல், அரிதாகத் தொற்றோ நரம்புச் சேதமோ. செயற்கை டிஸ்க்குக்கே உரிய ஒரு சிக்கல், அதைச் சுற்றி வேண்டாத எலும்பு வளர்வது. வளர்ச்சி மிகுந்தால் சாதனம் உள்ளேயே பூட்டிக்கொண்டு, அசைவுக்காக வைத்தது கடைசியில் ஓர் எலும்பு இணைப்பாகவே முடியும். வலி திரும்பாமலே பலருக்கு இது நடப்பதுண்டு. இதைக் குறைக்க, அறுவைக்குப் பின் சில காலம் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைத் தரும் வழக்கம் இருக்கிறது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அவற்றைத் தொடரக் கூடாது. இடம்பெயர்தலும், உராய்வில் உதிரும் நுண்துகள்களால் எலும்பு அரிபடுவதும் பிற்காலத்தில் வரக்கூடியவை.

கழுத்து அறுவை செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள். எலும்பு இணையக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கழுத்துப் பட்டையை நெடுநாள் அணிவது பொதுவாகத் தேவைப்படாது. எளிய நடை உடனே தொடங்கலாம், பளு தூக்குவதும் கழுத்தை முரட்டுத்தனமாகத் திருப்புவதும் சில வாரங்களுக்குக் கூடாது. கை வலி விரைவில் குறைந்துவிடுவதும், மரப்பு மெதுவாகவே விலகுவதும், நெடுநாள் அழுத்தப்பட்ட நரம்பின் பலவீனம் முழுமையாக மீளாமல் போவதும் உண்டு. அதன் பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளில், கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்-ரே படங்களால் சாதனம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, இன்னும் அசைகிறதா என்று பார்க்கிறார்கள். வலி இல்லையென்று இந்தப் பரிசோதனைகளை விட்டுவிடுவது நல்லதல்ல. பொருத்திய சாதனத்தின் பெயர், அளவு, வரிசை எண் ஆகியவை அச்சிட்ட சீட்டை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி, வீடு திரும்பும்போது தரும் அறிக்கையோடு பத்திரப்படுத்த வேண்டும். பல ஆண்டுகள் கழித்து வேறொரு ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும், வேறொரு மருத்துவர் கழுத்தைத் திறக்க நேர்ந்தாலும், அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.